ஒரு விரற்கடை மாவு

வெடிமருந்தைக் குழாயில் அடைத்துக் கொளுத்தினால் மேலே போகும் என்று மனிதன் கண்டுபிடித்து எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து இன்றுவரை எழுதப்பட்ட ராக்கெட் வரலாற்றில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் நெருப்பு, புகை, வேகம், உயரம் என்றுதான் இருக்கிறது. மேலே போனவர் எதன்மேல் உட்கார்ந்து போனார் என்று ஒரு அத்தியாயமாவது உண்டா என்றால் கிடையாது. இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். ஏனென்றால் அந்த இருக்கையைச் செய்கிறவன் நான்.

அதற்கு முன்பு பதினோரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில், எலும்பு முறிவுப் பிரிவில், கை கால் ஒடிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். விண்கல மையத்தில் மனித உடம்பை மாவில் பதித்து அச்செடுக்க ஆள் தேடினார்கள். அங்கே இருந்த அத்தனை பெரிய படிப்பாளிகளில் ஒருவருக்கும் மாவு குழைக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். வேலை கிடைத்தது. கூடவே பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. வாயிற்காவலரிலிருந்து தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் நான் ‘மாவுக்கட்டு’தான்.

விண்கலம் திரும்பி வந்து தரையில் ‘இறங்குகிறது’ என்று செய்தியில் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. பாராசூட் விரிந்த பிறகும் அது விழத்தான் செய்கிறது. அந்த அடியை வாங்குவது உள்ளே மல்லாந்து கிடக்கிறவரின் முதுகு. இருக்கை உடம்போடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால் அடி பரவிப்போய்விடும். எங்கேயாவது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் எலும்பு போகும். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்ற தனி இருக்கை.

கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளைப் பருத்தி உள்ளாடை போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, மல்லாக்க விழுந்த வண்டு மாதிரி என் தொட்டியில் படுக்க வேண்டும். நான் மாவை ஊற்றுவேன். முதலில் சில்லென்றிருக்கும், இறுக இறுகச் சூடாகும். அந்த அச்சுக்கு எவ்வளவு தடிமனோ, அதை வைத்துச் செய்யும் இருக்கைக்கும் அவ்வளவு தடிமன். ஊரே மாலை போட்டு வழியனுப்பிய வீரர்கள் அந்தத் தொட்டியில் கிடந்து “அண்ணே, கீழ சுடுதுண்ணே” என்று முனகியதை நான் கேட்டிருக்கிறேன். பேட்டிகளில் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மையத்தில் ஒரு விதி இருந்தது. உட்கார்ந்த நிலையில் உயரம் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. மேலே போனால் பாரமில்லாமல் முதுகெலும்பு நீண்டுவிடும். திரும்பும்போது ஆள் மூன்று நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருப்பார். அதற்கும் இடம் விட்டு, தலைக்கவசம் இருக்கையின் மேல்விளிம்புக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் தரையில் மோதும்போது கழுத்து தாங்காது. ஆகவே தொண்ணூற்று நாலு என்றால் தொண்ணூற்று நாலு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த எண்ணால் அடிபட்டவர்களில் ஒருவன் என் நண்பன், ஒட்டகம். கழுத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். ஏழு வருடத்துக்கு முன்பு எல்லாத் தேர்விலும் முதலாவதாக வந்து, கடைசியில் ஆறு மில்லிமீட்டர் அதிகம் என்று நிறுத்தப்பட்டான். வேறொருவனாக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பான். இவன் அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்து, தன்னைவிடக் குட்டையானவர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பிக்கொண்டிருந்தான். தினமும் மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

அவன் தயார்செய்த ஆட்களில் ஒருத்திதான் நெட்டை. விமானப் பணிமனையில் இன்ஜின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவள். எட்டு வருடம் பயிற்சி, மூன்று முறை மாற்று ஆளாக நின்று, நாலாவது முறை அவள் பெயர் பயணப் பட்டியலில் ஏறியது. கலத்தில் எது பழுதானாலும் அவள் கை வைத்தால் ஓடும் என்று ஒட்டகம் சொல்வான். யாரையும் லேசில் புகழாதவன் அவன்.

அச்செடுக்கும் நாளன்று மதியம் எனக்கு லாரியில் மாவு மூட்டைகள் வந்து இறங்கின. இருபத்தைந்து கிலோ மூட்டைகள். கூப்பிடாமலே நெட்டை வந்து நின்றாள். “நீங்க நகருங்கண்ணே, முதுகு பிடிச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டையாகத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். வேர்த்து ஒழுகியது. ஒரு மூட்டையைக்கூட இறக்குகிறவர்களிடம் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விண்வெளிக்குப் போகப்போகிற பெண்ணுக்கு எவ்வளவு பணிவு என்று வீட்டில் மனைவியிடம் அரைமணி நேரம் அளந்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் அளவுகோலோடு வந்தார். அந்த அம்மாவை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ‘அரை மில்லி’ என்போம். அரை மில்லி பிசகினாலும் ஆளை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார். அளந்தார். தொண்ணூற்று மூன்று புள்ளி எட்டு. தலையசைத்தார். நான் மாவை ஊற்றினேன்.

ஐந்து வாரம் கழித்து இருக்கை தயாராகி, மாதிரிக் கலத்தில் பொருத்திப் பார்க்கும் நாள் வந்தது. காலை ஏழு மணி. நெட்டை முழுக் கவச உடையில் உள்ளே படுத்தாள். அரை மில்லி எட்டிப் பார்த்தார், அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மூன்று முறை வைத்த பிறகு நிமிர்ந்தார்.

“வளர்றதுக்கு விட்ட இடம் போக ஒன்பது மில்லி வெளிய நிக்குது. எப்படிம்மா?”

நெட்டை தலைக்கவசத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு எடுக்கலாம் என்று பொறியாளர் போய்விட்டார். என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். மாற்று ஆளாக இருந்த பையன், கட்டையாக, கச்சிதமாக, எல்லா அளவுக்கும் அடங்கினவனாகத் தயாராக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கே தர்மசங்கடமாக இருந்தது.

நான் பட்டறைக்குத் திரும்பினேன். பின்னாலேயே நெட்டை வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.”

“இப்படி ஆரம்பிச்சாலே திட்டற விஷயம்தான். சொல்லு.”

“அன்னிக்கு மூட்டை தூக்கினேன்ல. அது உங்களுக்கு ஒத்தாசை பண்ண இல்லண்ணே.”

“பின்ன?”

“காலைல எந்திரிக்கறப்ப இருக்கற உயரம் சாயங்காலம் இருக்காது. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டெல்லாம் அமுங்கிடும். பாரம் சுமந்தா இன்னும் நல்லா அமுங்கும். அதான்…”

“எத்தனை மூட்டை தூக்கின?”

“இருபத்திரெண்டு. அதுக்கு முன்னால காலைலேர்ந்து அக்காவோட ரெட்டைப் பிள்ளைங்களைத் தோள்ல உட்கார வச்சுக்கிட்டுப் பூங்காவை ஒன்பது சுத்து சுத்தினேன். அதுங்களுக்குக் கொண்டாட்டம். இன்னொரு சுத்து சித்தி, இன்னொரு சுத்து சித்தின்னு…”

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டேன். “உன் கழுத்து ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது? உன் அக்கா பிள்ளைங்களா? நான் இங்க முதுகுக்கு முதுகு மில்லி மில்லியா செதுக்கறேன், நீ எனக்கே காதுல பூ சுத்திட்டுப் போயிருக்க. பணிவான பொண்ணுன்னு வீட்ல போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்லணும்.”

“தெரியும்ணே. தப்புதான்” என்றாள். “ஆனா எட்டு வருஷம்ணே. இடிக்கறது ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல.”

அழுதிருந்தால் இன்னும் திட்டியிருப்பேன். அவள் அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கீழே சிதறிக்கிடந்த மாவைக் கூட்டி அள்ளிவிட்டுப் போனாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

என் மனைவி அதே எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். நான் கட்டுப் போடுவேன், ஆறு வாரம் கழித்து அவள் பிரிப்பாள், அப்படித்தான் பழக்கம். துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். மூட்டை விஷயம் வந்தபோது தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காத. அந்தப் பொண்ணு வாழ்க்கையே போச்சு.”

“சரிங்க, சிரிக்கல. அந்த இருக்கையில இடுப்புக்கு அடியில எவ்வளவு கனம் வைக்கறீங்க?”

“முப்பத்தஞ்சு மில்லி.”

“அவங்க குடுத்த படத்துல எவ்வளவு போட்டிருக்கு?”

“குறைஞ்சது இருபதுன்னு இருக்கு.”

“அப்ப இருபது போதும்ல. மிச்சப் பதினஞ்சை யாரு கேட்டா?”

நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். பதினைந்துதான் வந்தது.

“ஆஸ்பத்திரியிலயும் இதே கூத்துதான்” என்றாள் அவள். “எல்லாரும் நாலு சுத்து சுத்தினா நீங்க ஆறு சுத்துவீங்க. நீங்க போட்ட கட்டைப் பிரிக்கன்னு தனியா ஒரு ரம்பம் வச்சிருந்தோம். உங்ககிட்டச் சொல்லல, அவ்வளவுதான்.”

அவள் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் போட்ட கட்டு ஒன்று விரிந்துவிட்டது. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், விரிசல் விட்ட கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பி வந்தார். டாக்டர் என்னை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து யாருக்குப் போட்டாலும் ஒரு விரற்கடை மாவு கூடுதலாகப் போய்விடும். கை அதுவாகவே வைத்துவிடும். இங்கே வந்த பிறகும் வைத்திருக்கிறது.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்து, ஒன்பது வருடமாக நான் செய்த இருக்கைகளை வரிசையாக இறக்கி, தடிமன் பார்க்கும் கவ்வியை வைத்தேன். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தைந்து. ஒன்றுகூட இருபது இல்லை. இடுப்புக்கு அடியில் கூடின பதினைந்தும் தலையை அவ்வளவு மேலே தள்ளியிருக்கிறது. பிறகு பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் முதல் இருக்கையைக் கலத்தில் வைத்து, தலைக்கு மேலே மிச்சமிருந்த இடத்தை அளந்து, அதற்கு மறுநாள் எழுதியிருக்கிறார்கள்: உட்கார்ந்த உயரம், அதிகபட்சம் தொண்ணூற்று நாலு. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை.

ஆக, விதியைச் செய்தது கலம் இல்லை, நான். விரிந்துபோன ஒரு மாவுக்கட்டுக்குப் பயந்து, உயரமானவர்களையெல்லாம் ஒன்பது வருடமாகத் தரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நெட்டைக்கு ஒன்பது மில்லி வேண்டும். என்னிடம் பதினைந்து இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடமே ஒட்டகத்தின் ஆறு மில்லி ஞாபகம் வந்தது.

சத்தமில்லாமல் அவள் இருக்கையை மட்டும் சுரண்டி மெலிதாக்கிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. நடக்காது. விதியை மாற்றாமல் அவளை ஏற்ற மாட்டார்கள்; விதியை மாற்ற வேண்டுமென்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். மாற்றத் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும். தலைமைப் பொறியாளர், அச்செடுப்பவர், பயிற்சியாளர். பயிற்சியாளர் என்றால் ஒட்டகம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒரு பழைய இருக்கையைத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை. நான் முடித்ததும் நெட்டை எழுந்து, மூட்டைகளையும் ரெட்டைப் பிள்ளைகளையும் பற்றித் தானே சொல்லிவிட்டாள். அரை மில்லி கவ்வியை வாங்கி, தானே ஐந்து இடத்தில் அளந்தார்.

“அரை மில்லிக்கு உங்க எல்லாரோட உயிரையும் எடுத்திருக்கேன்” என்றார். “இந்தப் பதினஞ்சு மில்லியை ஒன்பது வருஷமா நான் பார்க்கவே இல்லை. இதுல எனக்கும் பங்கு இருக்கு.” பிறகு நெட்டையின் பக்கம் திரும்பினார். “உன்னோட மூட்டைக் கதையைத் தனியாப் பேசிக்கறேன்.”

முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஒட்டகத்தைப் பார்த்தேன். அவன் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னோடது எத்தனை மில்லி கூட இருந்துச்சு?” என்று கேட்டான். அது அவனுக்குத் தெரியாததா. என் வாயால் வரவேண்டும் என்று கேட்டான்.

“ஆறு.”

“நீ கூட வச்சது?”

“பதினஞ்சு.”

எதிரில் நெட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்கு இந்தப் பயணம் கிடையாது. ஒட்டகம் தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். ‘பொம்மையை வைத்து மூன்று முறை மேலிருந்து போட்டுப் பார்த்த பிறகு’ என்பது அந்த வரி.

“போய்ட்டு வாம்மா” என்றான் அவளிடம். பிறகு என்னிடம் வந்தான். “உன்னை மன்னிக்கறதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் மதியம் சாப்பிட வா. திட்டிக்கிட்டே சாப்பிடறேன்.”

நெட்டைக்கு மறுபடி அச்செடுத்தோம், காலை ஏழு மணிக்கு. இடுப்புக்கு அடியில் இருபது மில்லி. கை பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் அள்ளப் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எடைக்குச் சமமான பொம்மையை அந்த இருக்கையில் கட்டி, கோபுரத்திலிருந்து மூன்று முறை கீழே போட்டார்கள். முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அரை மில்லி இருக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. மாதிரிக் கலத்தில் நெட்டை படுத்தபோது, வளர்வதற்கு விட்ட இடம் போக, தலைக்கவசத்துக்கு மேலே ஆறு மில்லி மிச்சமிருந்தது. அவள் உள்ளே கிடந்தபடியே விசிலடித்தாள்.

அவள் மேலே இருந்த பதினெட்டு நாளும் ஒட்டகம் வாக்குத் தவறவில்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஆரம்பிப்பான். “மாவைக் கொட்டறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா” என்று ஒரு நாள். “என் ஏழு வருஷத்தையும் பேன்ட்டுக்கு அடியில வச்சுப் பூசிட்டியே” என்று இன்னொரு நாள். பக்கத்து மேஜைக்காரர்கள் புதிதாக என்ன சொல்கிறான் என்று கேட்கவே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். நான் குனிந்தபடி சாப்பிட்டேன். அவனும் என் டப்பாவிலிருந்து வழக்கம்போல எடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

பத்தொன்பதாம் நாள் கலம் ஒரு வெட்டவெளியில் வந்து விழுந்தது. எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் நின்றோம். ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம், பிறகு நெட்டையின் குரல். “முதுகு நல்லா இருக்கு. மாவுக்கட்டு அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க.” மூன்றரை சென்டிமீட்டர் வளர்ந்து வந்திருந்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். ஒட்டகம் என் தோளில் கை வைத்தான், ஆனால் அன்றைக்கும் மதியம் திட்டினான்.

அடுத்த வாரம் புதிய பயணத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. வயது வரம்பு ஐம்பது. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நான் பட்டறைக் கதவைத் திறக்கும்போது, வெள்ளை உள்ளாடையில் ஒட்டகம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

“படுக்கையிலேர்ந்து நேரா வரேன். ஒரு மூட்டையும் தூக்கல” என்றான். “எடு.”

தொட்டியில் படுத்தான். கழுத்துக்கு இடம் சரிசெய்து மாவை ஊற்றினேன். மாவு இறுகக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை உள்ளே கிடப்பவர் பேசக்கூடாது, அசையக்கூடாது, ஆழமாக மூச்சுக்கூட விடக்கூடாது. ஏழு வருட நட்பில் அவன் கால்மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். இதைவிட்டால் எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னால உன் ஏழு வருஷம் போச்சுடா” என்றேன். “உன் எதிர்ல உட்கார்ந்து தினமும் சாப்பிட்டேன். நீ கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொருத்தரையா அனுப்பிட்டுத் திரும்பி நடந்து வரப்ப, உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். பாவம், உயரமாப் பொறந்துட்டான்னு நினைச்சேனே தவிர, காரணம் என் கைலதான் இருக்குன்னு தெரியாமப் போச்சு. என்னை மன்னிச்சிரு. உனக்கு அளந்து இருபதுதான் வைப்பேன். அதுக்கு மேல ஒரு துளி வச்சேன்னா என் கையை ஒடிச்சு, நீயே அதுக்கு மாவுக்கட்டுப் போடு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தான். கால்மணி நேரம் கழித்துத் தூக்கிவிட்டு, அச்சைப் பார்த்தேன். முதுகு பதிந்த இடம் முழுவதும் அலை அலையாக மடிப்பு. தோளிலிருந்து இடுப்புவரை குலுங்கியிருக்கிறான். சிரித்துக் குலுங்கினானா அழுது குலுங்கினானா என்று மாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் கேட்கவும் இல்லை. முப்பது கிலோ மாவு வீண். அதை வெட்டி வெளியே போட்டுவிட்டுப் புதிதாகக் குழைத்தோம். வாளியில் தண்ணீர் ஊற்றியது அவன்தான்.